கல் இருக்கும் இடமும் உடல் இருக்கும் இடமும்: ‘ஃபைண்ட் எ கிரேவ்’ தளம் குறித்து ஒரு மதிப்பீடு

இறந்துபோன உறவினர் ஒருவர் எங்கே அடக்கம் செய்யப்பட்டார் அல்லது எங்கே எரியூட்டப்பட்டார் என்று தேடத் தொடங்குவோரில் பலர் முதலில் வந்து சேரும் இடம் ‘ஃபைண்ட் எ கிரேவ்’ என்னும் இணையதளம். புகழ்பெற்றவர்களின் கல்லறைகளைப் பார்ப்பதில் ஆர்வம் கொண்டிருந்த ஜிம் டிப்டன் என்னும் அமெரிக்கர் 1995இல் தமக்காகத் தொடங்கிய இத்தளம், பின்னர் எவர் வேண்டுமானாலும் எவருக்கும் நினைவுப் பக்கம் உருவாக்கலாம் என்ற அளவுக்கு விரிந்து, 2013இல் வம்சாவளி ஆய்வு நிறுவனமான ஆன்செஸ்ட்ரியின் கைக்கு மாறியது. இன்று அதில் 20 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, தேடிப் பார்ப்பதற்குக் கணக்குத் தொடங்கவும் வேண்டியதில்லை. கல்லறைக் கல்லைத் தேடுவதற்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை என்பதும், மனிதரைத் தேடுவதற்கு இது பாதி வழிவரைதான் வரும் என்பதும் என் கணிப்பு. அந்த மீதிப் பாதியை நடப்பதற்கு வேறு துணை வேண்டும்.

தேடும் முறையை முதலில் பாராட்ட வேண்டும். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றைத் தனித்தனியாக இடலாம்; ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகளைச் சேர்த்துத் தேடச் சொல்லலாம். பெயரில் ஓர் எழுத்து ஐயமாக இருந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறியையும், எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் நட்சத்திரக்குறியையும் இடலாம். இந்தச் சிறு வசதி நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிதும் உதவும். பதிவேட்டில் எழுதியவர் தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்துகளில் போட்டுவைத்த பெயர், குடும்பத்தார் எழுதும் பெயரோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. தந்தை பெயர் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா, முதலெழுத்தாகச் சுருங்கியதா என்பதும் கல்லுக்குக் கல் மாறும். ஆகவே முழுப் பெயரையும் இட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்று கைவிடுவதைவிட, பெயரின் உறுதியான நான்கைந்து எழுத்துகளையும் இறந்த ஆண்டையும் மட்டும் இட்டு, வரும் பட்டியலைப் பொறுமையாகப் படிப்பதே பயன் தரும்.

பட்டியலில் பெயர் கிடைத்துவிட்டால் தேடல் முடிந்துவிட்டது என்று மனம் சொல்லும். அங்கேதான் நிதானம் தேவை. ஒரு நினைவுப் பக்கம் மூன்று வகையாகப் பிறந்திருக்கலாம். தன்னார்வலர் ஒருவர் கல்லறைத் தோட்டத்துக்கு நேரில் சென்று கல்லைப் படமெடுத்து, அதில் உள்ளதைப் பார்த்து எழுதியிருக்கலாம். மற்றொருவர் கல்லறை அலுவலகத்தின் பதிவேட்டைப் பார்த்து வரிசையாக ஏற்றியிருக்கலாம். வேறொருவர் செய்தித்தாளில் வந்த இறப்பு அறிவிப்பைப் படித்து, அதில் குறிப்பிட்ட கல்லறையில் அடக்கம் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு பக்கம் தொடங்கியிருக்கலாம். வெளித்தோற்றத்தில் இம்மூன்றும் ஒன்றாகவே இருக்கும். தளம் ஆதாரத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை என்பதே இதன் முதற்பெரும் குறை. கல்லின் படம் இருக்கும் பக்கத்தை ஒரு மதிப்பிலும், படமில்லாமல் பெயரும் ஆண்டும் மட்டும் இருக்கும் பக்கத்தை வேறொரு மதிப்பிலும் வைத்துப் பார்க்க வாசகரே பழகிக்கொள்ள வேண்டும்.

படம் இருந்தாலும் போதாத இடங்கள் உண்டு. கணவரும் மனைவியும் சேர்ந்து வாங்கிய கல்லில் இருவர் பெயரும் பொறித்திருக்கும். பின்னால் இறந்தவர் வேறொரு நாட்டில் எரியூட்டப்பட்டிருப்பார். கடலில் காணாமல் போன மகனின் பெயரைப் பெற்றோர் தங்கள் கல்லில் சேர்த்திருப்பார்கள். உடல் இல்லாத இத்தகைய நினைவுச்சின்னங்களைத் தனியே குறிப்பதற்குத் தளத்தில் வழி இருக்கிறது. ஆனால் பக்கத்தை உருவாக்குபவர் அதை அறிந்து குறித்தால்தான் உண்டு. பிரான்ஸில் உள்ள நியூவ் ஷப்பெல் நினைவுச்சின்னம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1927இல் திறக்கப்பட்ட அச்சின்னத்தில், முதல் உலகப் போரின் மேற்கு முனையில் உயிரிழந்து கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள், தொழிலாளர்கள் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. அங்கே பெயரைக் கண்டுபிடிப்பவர் உறவினரின் நினைவிடத்தைக் கண்டடைந்திருக்கிறார். அடக்கம் செய்த இடத்தை அல்ல.

எரியூட்டப்பட்டவர்களைத் தேடும்போது இத்தளத்தின் எல்லை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது, குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது, எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்பன போன்ற தெரிவுகளைத் தளம் வைத்திருப்பது நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும், கல்லைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஒரு தொகுப்பில் கல் இல்லாதவர்கள் எப்படி வந்து சேர்வார்கள்? பிரிட்டனில் 1968இலேயே தகனங்களின் எண்ணிக்கை அடக்கங்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட நாட்டில், ஒரு தலைமுறையின் பெரும்பகுதி படமெடுப்பவரின் கண்ணில் படாமலேயே போயிருக்கும். தேடி வரவில்லை என்பதால் பதிவே இல்லை என்று முடிவு கட்டுவோருக்கு நான் சொல்ல விரும்புவது, தகனக்கூடங்களும் பதிவேடு வைத்திருக்கின்றன என்பதைத்தான். பிரிட்டனில் அத்தகைய பதிவேட்டில் இறந்தவரின் பெயர், வயது, தகனம் நடந்த நாள் ஆகியவற்றோடு, சாம்பல் தோட்டத்தில் தூவப்பட்டதா, விண்ணப்பித்தவர் எடுத்துச் சென்றாரா என்பதும் எழுதப்பட்டிருக்கும். பல குடும்பங்கள் உண்மையில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

இந்த இடத்தில் ‘டிசீஸ்டு ஆன்லைன்’ என்னும் பிரிட்டன் தளம் முந்திக்கொள்கிறது. உள்ளாட்சி மன்றங்கள் முதலியவை வைத்திருக்கும் அடக்கப் பதிவேடுகளையும் தகனப் பதிவேடுகளையும் அது இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அதே குழியில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதையும், பல கல்லறைகளுக்குப் பகுதி வாரியான வரைபடத்தையும் அதில் பார்க்கலாம். வசதியற்றவர்களைக் கல் எதுவும் நடாமல் ஒரே குழியில் பலராக அடக்கம் செய்த பொதுக்கல்லறைகளைப் பதிவேட்டின் வழியே அல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாது. முழு விவரத்துக்குப் பணம் கட்ட வேண்டும், பிரிட்டனைத் தாண்டி உதவாது என்ற இரண்டும் அதன் வரம்புகள். 2011இல் தொடங்கிய ‘பில்லியன்கிரேவ்ஸ்’ கைப்பேசியில் எடுத்த படத்தோடு அந்தக் கல் நிற்கும் புள்ளியையும் பதிந்துகொள்வதால், பரந்த தோட்டத்தில் நேரே கல்லுக்கு நடந்துபோக உதவும். மற்றபடி அதுவும் கல்லைச் சார்ந்ததே. ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன்கிரேவ்ஸ் ஆகிய இரண்டின் அட்டவணைகளையும் கட்டணமில்லாத வம்சாவளித் தளமான ‘ஃபேமிலிசர்ச்’ வழியாகவும் தேடலாம்.

போரில் இறந்தவர்களுக்கு வேறு கதவு இருக்கிறது. 1917இல் அரச சாசனத்தின்மூலம் அமைக்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், இரு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களைக் கட்டணமின்றித் தருகிறது. பெயர், படைப்பிரிவு, நாள், கல்லறை வரிசை எண் என எல்லாம் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதால், தன்னார்வலர் பக்கத்தோடு முரண்படும்போது நான் ஆணையத்தின் பதிவையே ஏற்பேன். ஆயினும் அதன் பட்டியலும் பிழையற்றதல்ல. ஆசிய, ஆப்பிரிக்கப் படையினர் பலர் பெயர் சொல்லி நினைவுகூரப்படாமல் விடுபட்டதை ஆணையமே அமைத்த குழு 2021இல் அறிக்கையாக வெளியிட்டது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்கு அருகே, மருத்துவமனையில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் எரியூட்டப்பட்ட இடத்தில் 1921இல் சத்ரி என்னும் மண்டபம் எழுப்பப்பட்டது. அங்கே எரியூட்டப்பட்ட 53 பேரின் பெயர்கள் அவ்விடத்தில் கல்லில் ஏறியது 2010இல்தான்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: கல்லறை என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஜெர்மனியில் குழியின் உரிமை குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. சிங்கப்பூர் 1998 முதல் அடக்கக் காலத்தை 15 ஆண்டுகளாக வரையறுத்திருக்கிறது. அதன்பின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டு, சமயத்துக்கேற்ப எரியூட்டப்படுகின்றன அல்லது மீண்டும் அடக்கம் செய்யப்படுகின்றன. அப்போதும் பழைய படத்தோடு இணையப் பக்கம் அப்படியே இருக்கும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் கல்லறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிடுவது நல்லது.

எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதே தெரியாதவர்கள் இறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க மாநிலங்களின் சான்றிதழ்களிலும் ஆஸ்திரேலியச் சான்றிதழ்களிலும் அடக்கம் அல்லது தகனம் பற்றிய விவரம் இருப்பது வழக்கம். இங்கிலாந்து, வேல்ஸ் சான்றிதழ்களில் அது இருப்பதில்லை. அங்கெல்லாம் இறந்த இடத்தின் முகவரியை வைத்து அருகிலுள்ள கல்லறைகளையும் தகனக்கூடங்களையும் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டியிருக்கும். ஈமச்சடங்கை நடத்திய நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் அவர்களுடைய பழைய கணக்குப் புத்தகமும் கைகொடுக்கும்.

அந்த அலுவலகத்திலிருந்து பகுதி எண்ணும் குழி எண்ணும் கிடைத்த பிறகு ஃபைண்ட் எ கிரேவுக்குத் திரும்பி வந்தால், அதன் மிகச் சிறந்த பகுதியான படக் கோரிக்கை அப்போதுதான் முழுப்பயன் தரும். அருகில் வசிக்கும் தன்னார்வலர் யாரேனும் ஒருவர் உங்கள் கோரிக்கையை எடுத்துக்கொண்டு, கூலி எதுவும் வாங்காமல், முன்பின் தெரியாத ஒருவரின் கல்லைத் தேடிப் போய்ப் படமெடுத்து ஏற்றுவார். குழி எண் இல்லாமல் ஆயிரக்கணக்கான கற்களுக்கு நடுவே அவரை அலையவிடுவது முறையல்ல. கல் கிடைக்காவிட்டால் அதைத் தெரிவிக்கவும் வழி உண்டு; அந்த எண்ணுள்ள இடத்தில் கல் எதுவும் இல்லை என்ற பதிலும் ஒரு தகவல்தான்.

பக்கத்தை உருவாக்கியவர் அந்நியராக இருந்து, இறந்தவர் உங்களுக்கு நான்கு தலைமுறைக்குள் நேரடி உறவினராக இருந்தால், பொறுப்பை உங்களுக்கு மாற்றித்தரும்படி கேட்கலாம். தளத்தின் விதி அதற்கு இடம் தருகிறது. மாற்றிக்கொண்டவுடன் பூப்படங்களை அடுக்குவதற்கு முன், வாழ்க்கைக் குறிப்புப் பகுதியில் எந்த அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டில் இந்த விவரம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவைத்தால், அடுத்து வந்து தேடுபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.