சாப்பாட்டு மேசையில் புல்லட் ரயில்: காட்டோ ஸ்டார்ட்டர் செட்

மாடல் ரயில் பைத்தியம் இருப்பதைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடமோ, கட்டிக்கொண்டவரிடமோ வாயால் சொன்னால் பாதிப் பேருக்குக் காரியம் கெடும். "பொம்மை ரயில்" என்றதும் கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொருட்காட்சியில் விற்கும் சாவி ரயில். கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால் ஒரு அறையையே விழுங்கிய பிளைவுட் மலை வந்து நிற்கும். ஒன்று சிரிப்பு, மற்றது பயம். இரண்டுக்கும் இடம் கொடுக்காமல், கால் மணி நேரத்தில் மேசையில் ஓடிக் காட்டிவிட்டு அதே இரவு பெட்டிக்குள் போய்விடும் சரக்கு ஒன்று வேண்டும். காட்டோவின் 'என்' கேஜ் ஸ்டார்ட்டர் செட் இந்த ஒரு வேலைக்கு எடுபடுமா என்றுதான் இங்கே பார்க்கிறோம்.

காட்டோ, டோக்கியோவின் செக்கிசுய் கின்சோக்கு நிறுவனத்தின் பிராண்டு. ஜப்பானின் முதல் 'என்' கேஜ் ரயிலான சி50 நீராவி எஞ்சினை 1965-ல் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். 'என்' என்பது ஒன்பதைக் குறிக்கிறது, அதாவது தண்டவாள இடைவெளி 9 மி.மீ. செட்டுக்குள் சில பெட்டிகள் கொண்ட ஒரு ரயில், நீள்வட்டத்துக்கான தண்டவாளம், வேகம் கூட்டிக் குறைக்கும் பவர் பேக் ஆகியவை இருக்கும். பசை, சால்டரிங், பெயின்ட் எதுவும் தேவையில்லை. பெயின்ட் வாசனை பரவாத ஒரு முதல் மாலைப்பொழுதின் மதிப்பு இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

முதலில் இடம். 315 மி.மீ. ஆரம் கொண்ட வளைவு, ஒவ்வொன்றும் 45 பாகை. எட்டு சேர்ந்தால் முழு வட்டம். தண்டவாளத்தின் அடித்தட்டையும் கணக்கில் எடுத்தால் சுற்றின் அகலம் ஏறக்குறைய 66 செ.மீ., நேர்த்துண்டுகளோடு நீளம் ஏறக்குறைய 1.3 மீட்டர். நாலு பேர் உட்காரும் மேசையில் நீளவாக்கில் உரசிக்கொண்டு நிற்கும் அளவு இது. செட் வாங்குவதற்கு முன்பே டேப் வைத்து மேசையை அளந்துவிடுங்கள். ஓரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நாலு விரல் இடமாவது வேண்டும், ஏனென்றால் வேகத்தில் தடம் புரளும் பெட்டி எப்போதும் வெளிப்பக்கம்தான் பாயும். இதே சுற்றை 16.5 மி.மீ. இடைவெளியுள்ள எச்.ஓ. என்ற பெரிய மாடல் அளவில் போட்டால் அகலம் மட்டுமே ஒரு மீட்டரை ஒட்டிப் போகும். அமெரிக்கர்கள் தொடக்க அளவாகச் சொல்லும் எட்டடிக்கு நாலடி பலகை நம் ஊர்க் கட்டிலை அடைத்துக்கொள்ளும். முதல் நாளே கட்டிலைக் கேட்பது புத்திசாலித்தனம் இல்லை.

செட்டின் உண்மையான பலம் அதன் யூனிட்ராக் தண்டவாளம். கல் ஜல்லி போன்ற அடித்தட்டு தண்டவாளத்தோடு ஒட்டியே வருகிறது, துண்டுகள் 'சடக்' என்று பூட்டிக்கொள்ளும். ஆனால் கோளாறுகளில் பெரும்பங்கும் பிறப்பது இந்தப் பூட்டில்தான். பிளாஸ்டிக் இணைப்பானுக்குள் சிறிய உலோகக் கவ்வி இருக்கிறது. துண்டைச் சாய்த்துச் செருகினால் எதிர்த்தண்டவாளம் கவ்விக்குள் நுழையாமல் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். பார்வைக்குச் சேர்ந்ததுபோலவே இருக்கும். ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்று சத்தம் வரும், பிறகு முன்சக்கரம் இறங்கும். இதற்கு வழி, இரு துண்டுகளையும் மேசையில் சமமாக வைத்து நேராகத் தள்ளுவது. பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் விரல் நகத்தால் தண்டவாளத்தின் மேலும் உட்பக்கமும் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் சக்கரமும் தடுக்கும். கழற்றும்போது ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள், கவ்வி அகன்று போகும். அகன்ற இணைப்பான் மின்சாரத்தையும் சரியாகக் கடத்தாது. இணைப்பான் தனியாகவும் விற்கிறது, ஒரு பாக்கெட் கையிருப்பில் இருக்கட்டும்.

மின்சாரம் விஷயத்தில் அசந்தால் நட்டம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் உள்ளீட்டு அளவைப் படிக்காமல் செருகாதீர்கள். 100 வோல்ட் மட்டும் என்றிருந்தால் 230-லிருந்து 100-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 50 வாட் தாராளம். கடைகளில் கிடைக்கும் பிளக் மாற்றி வோல்டேஜை மாற்றாது, முள்ளை மட்டும்தான் மாற்றும். தண்டவாளத்துக்குப் போவது 12 வோல்ட் டி.சி., தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஸ்பூனோ உலோக வளையலோ இரு தண்டவாளத்தையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட் ஆகி ரயில் நிற்கும். டயலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பொருளை எடுத்துவிட்டு, மறுபடி மெல்லத் திருப்பினால் போதும்.

பெட்டிகளைத் தண்டவாளத்தில் ஏற்றுவது முதல்முறை பார்ப்பவர் பொறுமையைச் சோதிக்கும் இடம். செட்டோடு வரும் பிளாஸ்டிக் சாய்தளத்தை நேர்ப்பகுதியில் வைத்து, ஒவ்வொரு பெட்டியாக உருட்டி இறக்குங்கள். கண்ணை மட்டும் நம்பி வைத்தால் எட்டில் ஒரு சக்கரம் வெளியே நிற்கும். பெட்டிகளைக் கோர்ப்பதும் நேர்ப்பகுதியில்தான். எடை கூடிய பெட்டி ஒன்று இருக்கும், மோட்டார் அதில்தான். முதலில் அதை மட்டும் ஒரு சுற்று ஓடவிட்டால் தண்டவாளத்தின் குறையா வண்டியின் குறையா என்பது அப்போதே பிரிந்துவிடும்.

டயலை உங்கள் துணையின் கையில் கொடுங்கள். விளக்கம் சொல்லிக்கொண்டே நீங்கள் ஓட்டினால் அவர் பார்வையாளராகவே எழுந்து போய்விடுவார். ஒரே ஒரு விதி போதும்: ஓடும்போது திசை சுவிட்சைத் தட்டக்கூடாது. எவ்வளவு வேகம் என்று கேட்டால் கணக்கு சுவாரசியமானது. ஷிங்கான்சென் (ஜப்பானின் புல்லட் ரயில்) மாடல்கள் 1:160 அளவு, அதாவது நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு. சுற்று 3.2 மீட்டர், அதாவது நிஜத்தில் அரை கிலோமீட்டர். இ5 ஷிங்கான்செனின் மணிக்கு 320 கி.மீ. வேகத்தை மாடலில் கொண்டுவர ஒரு சுற்றை ஆறு விநாடிக்குள் முடிக்க வேண்டும். கண்ணுக்கு அழகு அதில் இல்லை. பதினைந்து விநாடிக்கு ஒரு சுற்று, அதாவது மணிக்கு ஏறக்குறைய 120 கி.மீ., பார்க்க நன்றாக இருக்கும், வளைவிலும் கவிழாது. வெறும் மரமேசையில் ஓசை அதிர்ந்து பெருகும் என்பதால் அடியில் மெல்லிய யோகா பாயை விரியுங்கள். கம்பளம் வேண்டாம், அதன் நூல் பல்சக்கரத்துக்குள் போகும்.

தரையில் போடுவதானால் எதிரி நூல் அல்ல, தலைமுடி. ஒரு நீண்ட முடி அச்சில் சுற்றிக்கொண்டால் சக்கரம் சுழலாமல் இழுபடும். கூர்மையான இடுக்கியால் எடுக்க வேண்டும். அது யார் முடி என்ற ஆராய்ச்சியை அன்று தொடங்க வேண்டாம். அடுத்த எதிரி எண்ணெய். முறுக்கு தின்ற கையால் தண்டவாளத்தைத் தொட்டால் படியும் படலம் தூசியைப் பிடித்துக்கொண்டு கருப்பாகும், ரயில் விக்கி விக்கி ஓடும். அடர்த்தி 90 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் சரியாகும். சில சக்கரங்களில் ரப்பர் வளையம் இருக்கும், அதில் ஆல்கஹால் படக்கூடாது. உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள், கீறலுக்குள் அழுக்கு நிரந்தரமாகக் குடியேறும்.

குறை ஒன்று உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. "நம்ம பாண்டியன் எக்ஸ்பிரஸ் இல்லையா?" என்று கேட்டால் செட்டில் இல்லை. இந்திய அகலப் பாதை 1676 மி.மீ. அதை 1:160-ல் குறுக்கினால் 10.5 மி.மீ. வரும், 9 மி.மீ. தண்டவாளத்தில் அந்த அகலம் உட்காராது. பேச்சைத் தொடங்க இ5 பரவாயில்லை, மும்பை–அகமதாபாத் பாதை ஷிங்கான்சென் தொழில்நுட்பத்தில் கட்டப்படுவதால் பெயர் காதில் விழுந்திருக்கும். நிஜ இ5-க்கு 10 பெட்டி. அத்தனையும் சேர்த்தால் மாடலில் ஒன்றரை மீட்டர், இந்தச் சுற்றில் பாதியை ரயிலே நிரப்பிவிடும். அதனால் செட்டில் வரும் குறைந்த பெட்டிகளைக் குறையாக நினைக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றி மூடி மறைக்கக்கூடாது. செட் விலையோடு அனுப்பும் செலவு, சுங்கவரி, தேவைப்பட்டால் டிரான்ஸ்ஃபார்மர் மூன்றையும் கூட்டிய எண்ணைச் சொல்லுங்கள். கூடவே அடுத்து என்ன வாங்கத் தோன்றும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அது வி1 என்ற காட்டோ தண்டவாள செட், மின்சார பாயின்ட்டுகளோடு (ரயிலைத் தடம் மாற்றிவிடும் துண்டுகள்) ஒரு ரயில் ஒதுங்கி நிற்கும் பாதை. அதன் பிறகு இரண்டாவது ரயில் தானாகவே கேட்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டி பிராண்டான டோமிக்ஸின் தண்டவாளத்தை வாங்கிக் கலக்காதீர்கள். இணைப்பானும் வேறு, இரட்டைப்பாதை இடைவெளியும் வேறு: காட்டோவில் 33 மி.மீ., டோமிக்ஸில் 37. ரயில்களைப் பொறுத்தவரை எந்தத் தண்டவாளத்திலும் ஓடும். தனியாக விற்கும் காட்டோ ரயில் செட்டுகள் புத்தகம் போன்ற உறையில் வருவதால் அலமாரியில் நாவல்களுக்கு நடுவே நிற்கும். ஒளித்து வைக்க வசதியான உறைதான். ஆனால் இருபதாவது "புத்தகம்" கண்டுபிடிக்கப்படும் நாளில் பேச வேண்டியது ரயிலைப் பற்றி இருக்காது.

எடுத்து வைக்கும்போது முதலில் பவர் பேக், பிறகு பெட்டிகள், கடைசியில் தண்டவாளம். மின்கம்பி வரும் 62 மி.மீ. துண்டை அதன் கம்பியோடு தனிப் பையில் போடுங்கள். தொலைந்து போவது எப்போதும் அதுவும் சாய்தளமும்தான்.