காகிதக் கோப்பா, பிரைமெரோவா? கேஸ் கைமாறும் நாளில் தெரியும் வித்தியாசம்

வங்கதேசத்தின் உக்கியா, டெக்னாஃப் பகுதிகளில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதிகள் 33 முகாம்களில் இருக்கிறார்கள். பெற்றோரைப் பிரிந்த குழந்தை, வீட்டில் அடிபடும் குழந்தை, பதினாலு வயதிலேயே கல்யாணம் பேசப்படும் சிறுமி என்று ஒவ்வொரு குழந்தைப் பாதுகாப்புக் குழுவின் கையிலும் கேஸ்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றை எதில் வைத்து நடத்துவது? ஒன்று, பூட்டிய பீரோவில் காகிதக் கோப்பும் அதற்குத் துணையாக ஓர் எக்செல் பட்டியலும். மற்றது, யூனிசெஃப் முன்னின்று உருவாக்கிய பிரைமெரோ மென்பொருளில் ஓடும் சிபிஐஎம்எஸ் பிளஸ் என்ற குழந்தைப் பாதுகாப்புக் கேஸ் பதிவு அமைப்பு. என் ஓட்டு இரண்டாவதற்கு. பயிற்சி வகுப்பில் முதலில் காட்டுகிற வண்ண வரைபடங்களுக்காக அல்ல. கேஸ் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது நடப்பதற்காக.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். காகிதம் மலிவு; நாளைக்கே தொடங்கலாம்; கரண்ட் வேண்டாம். பிரைமெரோ திறந்தமூல மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வர், படிவ அமைப்பு, பயிற்சி, டேப்லெட் எதுவும் இலவசமல்ல. மாத அறிக்கை அதில் நிமிடத்தில் வரும். காகிதத்தில் ஒரு நாள் போகும். இதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் மாறாதவையும் உண்டு. ஒரு கேஸ் ஒர்க்கருக்கு 25 குழந்தைகளுக்கு மேல் கூடாது. ஐந்தாறு கேஸ் ஒர்க்கருக்கு ஒரு சூப்பர்வைசர். அடையாளம் கண்டு பதிவு, மதிப்பீடு, திட்டம், செயல்படுத்தல், தொடர் கண்காணிப்பு, முடித்தல் என்று ஆறு படிகள். அதிக ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள், நடுத்தரம் 72 மணி நேரத்துக்குள், குறைவு என்றால் ஒரு வாரத்துக்குள் என்பதுதான் பொதுவாக வைத்துக்கொள்ளும் கெடு. ஒருவர் தலையில் 60 கேஸைக் கட்டிவிட்டு மென்பொருள் வாங்கினால், 60 அரைகுறைப் பதிவுகள் கிடைக்கும். அவ்வளவுதான்.

காகிதத்தை ஒழுங்காக நடத்தவும் முடியும். கோப்பின் மேல் பெயர் கூடாது, குறியீடு மட்டும். பெயரையும் குறியீட்டையும் சேர்த்துக் காட்டும் பட்டியல் வேறு பெட்டியில், வேறு சாவியில். அண்ணன் தங்கை இருவர் என்றாலும் தனித்தனிக் கோப்பு. எடுத்தவர் யார், திரும்ப வைத்தவர் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகம். இத்தனையும் செய்கிற அலுவலகத்திலும் கோளாறு பெரும்பாலும் எக்செல்லில்தான் வரும். பெயர் இருக்கும் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, எச்சரிக்கையைப் படிக்காமல் அகர வரிசைப்படுத்தினால் பெயர்கள் இடம் மாறும். முகவரியும் ஆபத்து நிலையும் நின்ற இடத்திலேயே நிற்கும். வெளிப் பார்வைக்கு எதுவும் கெட்டதாகத் தெரியாது. முகமது என்ற பெயரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் ஒரே பையனுக்கு மூன்று கேஸ். பிரைமெரோவில் ஒலி ஒத்த பெயர்களைத் தேடலாம். அதுவும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது, அப்பா பெயரையும் பிளாக் எண்ணையும் ஒப்பிட்டுத்தான் தீர வேண்டும்.

இனி கைமாற்றம். முகாமில் இது எப்போதாவது நடப்பதில்லை, அன்றாடம் நடப்பது. கேஸ் ஒர்க்கரின் ஒப்பந்தம் முடியும். குடும்பம் முகாம் மாறும். 2020 டிசம்பரிலிருந்து சிலர் வங்கக் கடலில் இருக்கும் பாசன் சார் தீவுக்குப் போயிருக்கிறார்கள். சில நேரம் நிதியே நின்றுவிடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு சில நாட்களிலேயே வந்தது. காகிதத்தில் நடத்துபவர் அந்த நேரத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுத வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திடும் பட்டியல் தயாரிக்க வேண்டும், மூலக்கோப்பு யாரிடம் இருக்கும் என்று பேசித் தீர்க்க வேண்டும், பிறகு மூட்டையை வண்டியில் ஏற்ற வேண்டும். அவசரத்தில் தொலைவது பழைய வரலாறு அல்ல, அடுத்து செய்ய வேண்டியதுதான்: வருகிற செவ்வாய் போய்ப் பார்ப்பதாகச் சொன்னது, ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்த தேதி, வளர்ப்புக் குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கு.

பிரைமெரோ இங்கேதான் தன் செலவை ஈடுகட்டுகிறது. அதில் மூன்று தனித்தனிச் செயல்கள் இருக்கின்றன. ஒரே நிறுவனத்துக்குள் கேஸ் ஒர்க்கரை மாற்றுவது ஒப்படைப்பு. பொறுப்பு முழுவதையும் இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பது இடமாற்றம். பொறுப்பை நம்மிடமே வைத்துக்கொண்டு ஒரு சேவைக்காக மட்டும் அனுப்புவது பரிந்துரை. மூடப்போகும் நிறுவனம் அவசரத்தில் இடமாற்றத்துக்குப் பதில் பரிந்துரையைத் தட்டிவிட்டால், மூடப்பட்ட நிறுவனத்தின் பெயரிலேயே கேஸ் தங்கிவிடும். பெறுபவர் ஏற்றுக்கொண்டதாக அழுத்தாதவரை இடமாற்றமும் பாதி வழியில்தான் நிற்கும். எல்லாவற்றையும்விட மோசம், போகிறவரின் கணக்கை முதலில் முடக்கிவிட்டு கேஸை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விடுவது. அந்தக் குழந்தைகளைத் தேடும் ஆள் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே வரிசை முக்கியம். முடிக்கக்கூடியவற்றை முதலில் முடிக்க வேண்டும். மிச்சத்தை ஆபத்து நிலைப்படி பிரிக்க வேண்டும். குடும்பத்திடம் புதிதாகச் சம்மதம் கேட்க வேண்டும், ஏனென்றால் நம்மிடம் சொன்னதை இன்னொரு நிறுவனத்திடமும் சொல்லச் சம்மதித்தார்கள் என்று நாமே வைத்துக்கொள்ளக் கூடாது. அதிக ஆபத்துள்ள வீடுகளில் தொடங்கி, பழையவரும் புதியவரும் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை போக வேண்டும். அதன் பிறகு இடமாற்றம்; ஏற்பு வந்ததைச் சரிபார்த்த பிறகே கணக்கை முடக்குவது. இதற்கு நான்கு வாரமாவது தேவை. அவ்வளவு நாள் இல்லாவிட்டால் கூட்டு வருகையை அதிக ஆபத்துக் கேஸ்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சம்மதத்தில் மட்டும் சுருக்கம் வேண்டாம். ஏற்கெனவே 25 கேஸ் வைத்திருப்பவருக்கு இன்னொரு 25ஐ அனுப்பினால் திரையில் மட்டும்தான் பொறுப்பு மாறியிருக்கும்.

பத்திரம் என்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறது. 2021 மார்ச் 22 தீயில் முகாமில் சுமார் 45,000 பேர் வீடிழந்தார்கள். மூங்கிலும் தார்ப்பாயுமான இடத்தில் ஒரே பிரதியாகக் கோப்பு வைப்பது ஆபத்தான துணிச்சல். அதே நேரம், 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டு 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் தகவல்கள் வெளியார் கைக்கு எட்டின. பீரோவை உடைப்பவன் ஓர் அறையைத்தான் உடைப்பான்; சர்வரை உடைப்பவனுக்கு எல்லாப் பதிவும் ஒரே நேரத்தில் எட்டிவிடும். எனவே எந்த விவரம் இல்லாமலும் கேஸை நடத்த முடியுமோ, அதைப் பதிவில் எழுதவே கூடாது. முகாம்களில் 2019 செப்டம்பரிலிருந்து 2020 ஆகஸ்ட் வரை அதிவேக மொபைல் இணையம் முடக்கப்பட்டிருந்ததையும் மறக்க வேண்டாம். இணையம் இல்லாமலும் பயன்படுத்தும்படி முன்கூட்டியே குறித்து வைக்காத பதிவு களத்தில் திறக்காது.

பராமரிப்பில் பிரைமெரோ கேட்பது பணத்தைவிட ஒழுங்கை. மாதம் ஒரு முறை பயனர் பட்டியலை மனிதவளப் பிரிவின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். படிவத்தில் புதுக் கேள்வி சேர்க்கச் சொல்லி நன்கொடையாளர் கேட்டால், அதை வைத்து எந்த முடிவை எடுப்பீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். மிகச் சாதாரணமாக நடக்கும் கெடுதல் இரட்டை வேலை: பகலில் காகிதம், மாலையில் தட்டச்சு. இரண்டு வாரத்தில் இரண்டுமே பாதி. சம்மதப் படிவம் மட்டும் காகிதத்தில் இருக்கட்டும், மற்றதெல்லாம் ஒரே இடத்தில்.

மொத்தம் ஐம்பது கேஸுக்குக் கீழே, ஆறு மாதத்துக்குள் முடியும் திட்டம் என்றால் காகிதமே போதும். பயிற்சி முடிவதற்குள் திட்டம் முடிந்துவிடும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் கேஸ்களுக்கு இந்தத் தீர்ப்பை நீட்ட எனக்குத் துணிவில்லை. அதற்கு ஜிபிவிஐஎம்எஸ் பிளஸ் என்ற பதிவு அமைப்பு தனியாக இருந்தாலும், அழுதுகொண்டு பேசுகிறவர் முன்னால் டேப்லெட்டைத் தட்டுவது சரிப்படாது. சந்திப்பு முடிந்த பிறகு பதிவதே பரவாயில்லை. ஐ.நா. அகதிகள் அமைப்பான யூஎன்எச்சிஆரின் புரோகிரஸ் மென்பொருள் அகதிகளைப் பதிவு செய்வது போன்ற வேறு வேலைக்கானது. பதிவு எண்ணைத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், கேஸ் குறிப்பை அதில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.