கூடுதலாக 5 எச்.பி.: காலுக்குத் தெரியுமா?

காரில் பிக்அப் கூட்ட ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். எது இன்ஜினைத் தொடுகிறது, எது ஓட்டுபவரின் மனதைத் தொடுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் கம்பெனியே கூட்டிக் கொடுத்த கதை. 2018 ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு 83 குதிரைத்திறன். 2021-இல் வந்ததற்கு 90. டார்க், அதாவது இன்ஜினின் முறுக்குவிசை, இரண்டிலும் 113 நியூட்டன் மீட்டர்தான். கூடுதல் 7-ம் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றை (ஆர்.பி.எம்.) நெருங்கும்போதுதான் முழுசாகக் கிடைக்கும். ஊருக்குள் 2,500-லேயே கியர் மாற்றுகிறவருக்கு அதனால் என்ன லாபம்?

இந்த வகை இன்ஜினில் விலை உயர்ந்த ஏர் ஃபில்டர் போட்டால் கிடைப்பது அதைவிடவும் சொற்பம். காற்றை உறிஞ்சும் சத்தம் மட்டும் கூடும். சத்தம் கூடினாலே வேகம் கூடியதாகத் தோன்றும். காலை 20 டிகிரியிலிருந்து மதியம் 38-க்கு வெயில் ஏறும்போது காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைகிறது, கூடவே பவரும். ஃபில்டர் தந்ததை உணர்ந்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள் இந்த இழப்பைப் பற்றிப் பேசியே நான் கேட்டதில்லை.

100 ஆக்டேன் பெட்ரோல்? ஆக்டேன் என்பது நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பதை, தாங்கும் திறன், கூடுதல் எரிசக்தி அல்ல. 91-க்கென வடிவமைத்த இன்ஜினுக்கு அது வீண் செலவு. அதிக அழுத்தத்தில் காற்றைத் திணித்து ஓடும் டர்போ இன்ஜினென்றால் ஓரளவு பயன் இருக்கலாம்.

வேடிக்கை த்ராட்டில் கன்ட்ரோலரில் இருக்கிறது. அது ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாது. பெடலைக் கொஞ்சம் மிதித்தாலே நிறைய மிதித்ததாக இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூவிடம் சொல்லும், அவ்வளவுதான். முழுசாக மிதித்தால் பழைய வண்டியேதான். ஆனாலும் போட்டவுடன் துள்ளல் தெரியும், போட்டவருக்கும் திருப்தி. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அதே துள்ளலை வலது கால் இலவசமாகவே தரும்.

டர்போ டீசல் ரீமேப், அதாவது இசியூவின் மென்பொருளை மாற்றுவது, மட்டும் வேறு ஜாதி. பழைய 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட்டில் 190 நியூட்டன் மீட்டர் 2,000 ஆர்.பி.எம்.-லேயே வந்துவிடும். அதன்மேல் 20 சதவீதம் கூடினால், ஓவர்டேக் செய்யும்போது முதுகு சீட்டில் அழுந்தும். கிளட்ச் சீக்கிரம் தேயலாம், வாரண்டியும் போகலாம். என்றாலும் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது இது ஒன்றுதான்.

சந்தேகமிருந்தால் ஆளில்லாத நேர்ச்சாலையில், மூன்றாம் கியரில் 40-லிருந்து 80 வரை, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். ஸ்டாப்வாட்ச் பக்கத்து சீட்டுக்காரர் கையில் இருக்கட்டும். பின்சீட்டில் இருப்பவரை இறக்கிவிட்டும் ஒரு ஓட்டம் ஓடுங்கள்; ஸ்விஃப்ட் போன்ற சிறிய காரில் அவர் எடை ஒன்றே மொத்த எடையில் ஆறேழு சதவீதம் வரும்.