பழைய கதவில் வெடிப்பு: மரத்தூள் பசையா, எப்பொக்சியா, மரச் சில்லா?

மட்டக்களப்பு ஆரையம்பதியில் அம்மம்மா வீட்டு முன்கதவு முதிரை மரம். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியில் ஓடெல்லாம் பறந்தும் கதவு நிலையோடு நின்றது என்று அம்மம்மா சொல்லுவா. அந்தக் கதவின் கீழ்ப் பலகையில் நீளமாக ஒரு வெடிப்பு. ஆடியில் வரண்ட கச்சான் காற்று வீசும்போது அதற்குள் ஐந்து ரூபாய்க் குற்றி போகும். மார்கழி மழையில் கடதாசிகூட நுழையாது.

எதைப் பூசுவது என்று யோசிக்க முதல் பார்க்க வேண்டியது இதைத்தான். மரம் ஈரத்தைக் குடித்தால் குறுக்குவாட்டில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் அசைவு மிகக் குறைவு. உங்கள் கதவின் வெடிப்பு பருவத்துக்குப் பருவம் திறந்து மூடுகிறதா, ஒரே அளவாக நிற்கிறதா? விடை அதில்தான் இருக்கிறது.

மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைப்பது எல்லாரும் முதலில் செய்வது. செலவு இல்லை, அதே மரத்தின் தூள் என்றால் நிறமும் ஓரளவு ஒத்துப்போகும். மயிர்க்கோடு மாதிரியான வெடிப்புக்கும் ஆணித் துளைக்கும் இது போதும். நான் அந்தப் பெரிய வெடிப்பை இதால் அடைத்தது ஆடி மாதம். மாரியில் மரம் ஊதி, பசையை நெரித்து வெளியே தள்ளியது. அடுத்த ஆடியில் அது பிஸ்கட் துண்டு போலக் கையோடு வந்தது. கடையில் வாங்கும் மர மக்கும் (வெடிப்பு அடைக்கும் களி) அசைகிற வெடிப்பில் இப்படித்தான்.

எப்பொக்சி வேறு சாதி, இரண்டு குழாயில் வரும் பசை. இரண்டு குழாயிலும் சொன்ன அளவில் எடுத்துக் கலந்தால் கல்லாகும், தண்ணீருக்கு அசையாது. மழைத் தெறிப்பில் உக்கிய கதவடி, பிணைச்சல் ஆணி பிடிக்காத இடம், உடைந்த மூலை, இவற்றுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். உக்கலைச் சுரண்டி, கெட்டி மரம் தெரியும் வரை போய், நன்றாகக் காயவிட்டுப் பூச வேண்டும். ஈர மரத்தில் பிடிக்காது. வெயில் அதைக் கெடுக்கும் என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம். ஆனால் திறந்து மூடுகிற வெடிப்பில் இதை ஊற்றாதீர்கள். எப்பொக்சி விட்டுக்கொடுக்காது, பக்கத்து மரம் புதிதாக வெடிக்கும்.

மூன்றாவது, மரச் சில்லு, வெடிப்புக்குள் இறக்கும் மெல்லிய மரத்துண்டு. கடைசியில் எங்கள் கதவைக் காப்பாற்றியது இதுதான். எங்கள் ஊர் ஓடாவி (தச்சர்) மாமா பங்குனியில் வந்தார். வெடிப்பு முழுக்கத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை, அதுதான் சரியான நேரம் என்றார். வந்தவர் முதலில் வெடிப்பைத் தொடவே இல்லை. கத்தி முனையால் பலகையைச் சுற்றி, சட்டத்தோடு ஒட்டியிருந்த பெயின்டை அறுத்தார். பலகை சட்டத்தின் காடிக்குள், அதாவது அதைச் செருகும் பள்ளத்துக்குள், ஒட்டாமல் இருக்க வேண்டியது. வருசக்கணக்கில் அடித்த பெயின்ட் அதை இறுக்கிப் பிடித்ததால், சுருங்க இடமில்லாமல் நடுவில் கிழிந்திருக்கிறது. நான் இரண்டு வருசமாக வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், காடியைப் பார்க்கவில்லை.

அப்புறம் பழைய யன்னல் சட்டமொன்றிலிருந்து முதிரைச் சில்லொன்றைச் சீவினார். ஒரு விளிம்பு மெலிந்து ஆப்பு மாதிரி, நார் போகிற திசை பலகையோடு ஒத்து. வெடிப்பின் இரு கரையையும் மெல்லிய உளியால் நேராக்கினார். நான் பசையை இரண்டு பக்கமும் பூசப் போனேன்.

“ஒரு பக்கத்துக்கு மட்டும் பூசு மகன். மற்றப் பக்கத்துக்குப் பசை காட்டக் கூடாது.”

சில்லு ஒரு கரையோடு ஒட்டிக்கொண்டு, மற்றக் கரையில் மரம் போய் வர வழி விடுகிறது. கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) மெதுவாகத் தட்டி இறக்கி, மேலே துருத்தியதை மறுநாள் சீவி மட்டமாக்கினார். பசை தண்ணீர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண வெள்ளைப் பசை வெளிக்கதவுக்கு நிற்காது.

கைவேலை கூட, ஒரு நாள் கூலி போகும், அதே சாதி மரமும் தேட வேண்டும். அதற்காக இதை விட்டுவிடாதீர்கள். இரண்டு மாரி கழிந்துவிட்டது. ஆடியில் ஒரு நூல் அளவு கோடு தெரிகிறது, ஐப்பசி மழையோடு மறைகிறது.

எண்ணெயோ வார்னிஷோ எதைப் பூசினாலும் இரு முகத்துக்கும் பூசுங்கள். கதவின் அடி விளிம்பை யாரும் பூசுவதில்லை. நார் வெட்டுப்பட்ட முனைகள் அங்கேதான் இருக்கின்றன, தண்ணீரை அதிகம் குடிப்பதும் அவைதான். வேலைக்காகக் கதவைக் கழற்றினால், கையோடு அதையும் முடித்துவிடுங்கள்.