நைட்ரஜனை அடைத்த சி60 தூள்: வாங்கலாமா?

சி60 என்பது 60 கார்பன் அணுக்களாலான பந்து வடிவக் கூண்டு. இபிஆர் கருவி (காந்தப்புலமும் மைக்ரோவேவும் கொண்டு தனி எலக்ட்ரான்களை அளப்பது) உள்ள ஆய்வகங்கள் தயங்காமல் வாங்கலாம். நிரம்பிய கூண்டுகளின் செறிவை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

1996-ல் பெர்லினின் ஹான்-மைட்னர் நிறுவனத்தில் அயனிகளைச் செலுத்தி முதலில் உருவாக்கிய பொருள் இது. கார்பன் கூண்டின் நட்டநடுவே ஒற்றை நைட்ரஜன் அணு, சுவரோடு எந்தப் பிணைப்பும் இல்லாமல் நிற்கிறது. லாந்தனத்தை அடைத்தால் அது எலக்ட்ரான்களைக் கூண்டுக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிவிடும். நைட்ரஜன் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. மூன்று தனி எலக்ட்ரான்களும் அப்படியே இருப்பதால் ஸ்பின் (எலக்ட்ரானைச் சிறு காந்தமாக்கும் பண்பு) 3/2. ஆனாலும் கூண்டு எலக்ட்ரான் மேகத்தைச் சற்று நெருக்குகிறது. வெளியே 10.5 மெகாஹெர்ட்ஸாக இருக்கும் அணுக்கரு இணைப்பு (எலக்ட்ரான்களுக்கும் நைட்ரஜன் அணுக்கருவுக்கும் இடையிலான காந்தப் பிணைப்பு) உள்ளே 15.8 ஆக உயர்கிறது. இபிஆர் பதிவில் 0.57 மில்லிடெஸ்லா இடைவெளியில் மூன்று கூரிய கோடுகள் விழுந்தால் சரக்கு அசல்.

தயாரிப்பில் பத்தாயிரத்தில் ஒரு கூண்டு நிரம்பினாலே நல்ல விளைச்சல். காலிக் கூண்டும் நிரம்பிய கூண்டும் எச்பிஎல்சி (அழுத்தத்தில் திரவத்தை ஓட்டிக் கலவையைப் பிரிக்கும் முறை) தூணில் ஏறக்குறைய ஒன்றாகவே வெளிவரும். திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுத்தான் பிரிக்க முடியும். செறிவு கூடக்கூட விலை ஏறுவது அதனால்தான். சாதாரண அளவீட்டுக்கு 100 பிபிஎம் (பத்தாயிரத்தில் ஒன்று) தாராளம்: 1 மில்லிகிராமில் சுமார் 84 லட்சம் கோடி நிரம்பிய கூண்டுகள் இருக்கும்.

1 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் கார்பன் டைசல்ஃபைடில் கரைத்து, உறையவைத்து, காற்றை உறிஞ்சி, உருகவிடுங்கள். மூன்று முறை செய்தபின் குவார்ட்ஸ் குழாயை வெற்றிடத்திலேயே உருக்கி மூடுங்கள். ஆக்சிஜன் மிஞ்சினால் கோடு அகலும். இந்தக் கரைப்பான் எளிதில் தீப்பிடிக்கும், ஆகவே குழாயை மூடும்போது கரைசல் திரவ நைட்ரஜனில் உறைந்தே இருக்க வேண்டும்.

கோடுகள் அகன்று தெரிந்தால் தூளைக் குறை சொல்லுமுன் கருவியின் மாடுலேஷன் அளவை (காந்தப்புலத்தை லேசாக அசைக்கும் வீச்சை)ப் பாருங்கள். வழக்கமான 0.1 மில்லிடெஸ்லா இதற்கு மிக அதிகம். எக்ஸ்-பேண்டில் (சுமார் 9.5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவில்) இரு ஓரக் கோடுகளும் 26 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மும்மூன்றாகப் பிரியும். அதைக் காண 1 மைக்ரோடெஸ்லாவுக்கும் கீழே இறங்க வேண்டும். காந்தப்புலமும் அந்த அளவுக்குச் சீராக இருக்க வேண்டும். மைக்ரோவேவ் திறனைக் கூட்டினால் கோடு சீக்கிரமே தெவிட்டிவிடும், சமிக்ஞை மேலும் கூடாது.

170 கெல்வின் அருகே ஸ்பின் ஒத்திசைவு (ஸ்பின்கள் ஒரே தாளத்தில் சுழலும் நிலை) 0.25 மில்லிவினாடி நிலைப்பது இதன் பெருமை. இன்னும் குளிர்வித்தால் கரைப்பான் படிகமாகி, கூண்டுகள் திரண்டு, அந்த நேரம் சரிந்துவிடும். சூடும் ஆகாது: 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஜன் சுவரோடு பிணைந்து வெளியேறிவிடும். கரைப்பானை அறை வெப்பத்திலேயே உலரவிடுங்கள்.