கச்சான் நோயாளியும் சிவப்புப் புள்ளியும்

மருத்துவப் பயிற்சிக்கென்று வந்த கண்ணாடிக் கருவியை மாட்டியதும் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரர் படுத்திருந்தார். உதடு தடித்து, கண் இடுங்கி, மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. கச்சான் (வேர்க்கடலை) தின்று ஒவ்வாமல் போனதாம். நான் 27 வருடம் தாதியாக வேலை செய்தவள், அதில் பாதிக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவில். கச்சான் தின்று மூச்சு முட்டி வந்த ஒருவரையும் கண்டதில்லை. பின்னேரத்தில் கல்லடிக் கடற்கரைக்குப் போனால் ஊரே கச்சான் கொறித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் அந்த மனிதரைக் கண்டவுடன் என் கை தன்பாட்டில் அவருடைய தொடைக்குப் போனது. அட்ரினலின் ஊசி அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கம், தசைக்குள். தொட்டால் காற்றுத்தான். என்னையே இப்படி ஏமாற்றியதற்கு இந்தக் கருவிக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகு, மட்டக்களப்பில் மருத்துவ மாணவர்கள் பழகும் அறை ஒன்றுக்கு வாரத்தில் இரண்டு நாள் உதவிக்குப் போகிறேன். அங்கே இந்த ஓக்மென்டட் ரியாலிட்டிக் கருவி வந்து, ஆறு வாரம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கம்பனியின் பெயரும் இடத்தின் பெயரும் வேண்டாம், குறை சொல்லவும் இருக்கிறது.

வீ.ஆர். (வேர்ச்சுவல் ரியாலிட்டி) என்பது கண்ணை முழுதாக மூடி வேறு உலகத்துக்குக் கொண்டுபோவது. இது அப்படியில்லை. அறை, கட்டில், பக்கத்தில் நிற்கும் ஆள், உங்கள் கை எல்லாம் அப்படியே தெரியும். அதற்கு மேலே நோயாளியையும் மொனிட்டரையும் படமாக விரிக்கும். மேசையில் கிடக்கும் பயிற்சிப் பொம்மையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால், பொம்மைக்கு மேலேயே ஆளின் உருவத்தைப் போர்த்தும். படிப்பிக்கிறவர் கையில் ஒரு டெப்லட். அதில் விரலை இழுத்தால் நோயாளியின் ஒட்சிசன் இறங்கும், நாடித்துடிப்பு ஏறும்.

கருவி கொஞ்சம் பாரம். அரை மணித்தியாலத்தில் பிடரி இழுக்கத் தொடங்கிவிடும். 1968இல் ஐவன் சதர்லண்ட் என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி செய்த ஆதிக் கருவியைக் கூரையில் இருந்து தொங்கும் தண்டோடு பூட்டியிருந்தார்கள் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னார். (மாணவர்களுக்கு முன்னால் அவர் எனக்கு டொக்டர், தேநீர் நேரத்தில் தம்பி.) அதோடு பார்த்தால் இது பரவாயில்லை. ஆனால் எங்கள் வெக்கைக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது, நெற்றிப் பட்டி வியர்வையில் ஊறிவிடுகிறது. ஒருத்தர் கழற்றி அடுத்தவர் மாட்டுவதற்கு முன் துடைக்கத் துணியும் மருந்தும் வேண்டும். கொண்டை உயரமாகப் போட்ட பிள்ளைகள் அவிழ்த்துத் தாழ்த்திக் கட்டவேண்டியிருக்கிறது. யன்னல் சீலையை இழுத்து மூடாவிட்டால் பகல் வெளிச்சத்தில் நோயாளி ஆவி போல வெளிறிப்போவார்.

சரி, படிப்பிக்கிறதா?

நெஞ்சு அமுக்குவதை இது படிப்பிக்காது, அதை முதலே சொல்லிவிடுகிறேன். வளர்ந்தவர் ஒருவரின் நெஞ்சு 5 சென்டிமீட்டராவது தாழவேண்டும், 6ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சை முழுதாக மேலே வரவிடவேண்டும். இது முழங்கை மடங்காமல், உடம்புப் பாரத்தால் பழகுகிற வேலை. எங்கள் பழைய பொம்மைக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. ஆழம் சரியென்றால் 'டிக்' என்னும். பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் காதாலும் உள்ளங்கையாலும் பிடிக்கிறார்கள். கருவியோ நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைக் கோட்டைக் காட்டுகிறது. கோட்டைப் பச்சையாக வைத்திருக்கும் ஆசையில் நெஞ்சை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு நாள் யாரோ காலால் மேசையைத் தட்டிவிட்டார்கள். பொம்மை அசைந்தது, படம் அதோடு வரவில்லை. நாலு விரல் கீழே இறங்கி நின்றுகொண்டது. கண்ணாடி போட்டிருந்த பையன் படத்தின் நெஞ்சைப் பார்த்துப் பொம்மையின் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தான். கோடு வேறு நல்ல பச்சையாக இருந்ததாம். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கி, "மனே, கண்ணை மூடு. கையால எலும்பைத் தேடு" என்றேன். தேடிப் பிடித்துவிட்டான். அதன் பிறகு அமுக்கும் பாடத்துக்கு இந்தக் கருவியை நான் எடுப்பதில்லை.

இனி நல்லதைச் சொல்கிறேன். இந்தக் கண்ணாடி, போட்டிருப்பவரின் கண் எங்கே போகிறதென்று தொடர்ந்து பதிகிறது. பாடம் முடிந்ததும் டெப்லட்டில் அதைத் திருப்பிப் போட்டால், பார்வை போன இடமெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி ஓடும்.

குருநாகலையில் இருந்து வந்து படிக்கும் ஒரு சிங்களப் பிள்ளை, வகுப்பிலேயே கெட்டிக்காரி. கச்சான்காரரின் பாடத்தைச் செய்தாள். மருந்து சரி, அளவு சரி, ஐந்து நிமிடம் பார்த்து இரண்டாவது ஊசி போட்டதும் சரி. புள்ளியைப் போட்டுப் பார்த்தோம். மொனிட்டர், மருந்துத் தட்டு, மொனிட்டர், என் முகம், மொனிட்டர். நோயாளியின் முகத்துக்குப் புள்ளி வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் தொடக்கத்தில். இடையில் விரிவுரையாளர் அவருடைய உதட்டை நீலமாக்கி வைத்திருந்தார். பிள்ளை காணவில்லை. டெப்லட்டைப் பார்த்தபடியே, "மிஸ், நான் ஆளைப் பார்க்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

மெஷினைப் பார்க்காதே, ஆளைப் பார் என்று எத்தனை தொகுதி மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன்! ஓம் மிஸ் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பவும் மொனிட்டரையே பார்ப்பார்கள். கிழவியின் புலம்பல் என்று நினைத்திருப்பார்கள். இப்போது நான் வாயே திறப்பதில்லை, புள்ளியைப் போட்டுவிடுகிறேன்.

பாடங்கள் வெளிநாட்டு ஆட்களுக்கென்று செய்தவை. மாரடைப்பு, ஆஸ்துமா, கச்சான். பெரும்போக வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வருகிறவர்களின் கதையே வேறு. புடையன் கடித்த கால், உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் வந்த ஆள், கூடவே பத்துச் சனம். பாம்புக்கடிக்குக் கருவியில் ஒரு பாடமும் இல்லை. கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைந்ததா என்று சரித்துப் பார்க்கும் சோதனை அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? அதனால் நாங்கள் கச்சான்காரரையே வேளாண்மைக்காரராக்கிவிட்டோம். எங்களுக்கு வரும் பாம்பு விஷ முறிவு மருந்து இந்தியாவில் குதிரையிலிருந்து செய்வது. அது ஏறும்போது உடம்பு ஒவ்வாமல் போவது சாதாரணமாக நடக்கிற விஷயம். வீங்கிய முகம், விசில் மூச்சு, சரியும் இரத்த அழுத்தம் எல்லாம் கச்சானுக்கும் அதற்கும் ஒன்றுதான். முதல் மருந்தும் அதே அட்ரினலின். பாம்புக்கடிக்காரருக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போது இப்படி ஆகிவிட்டார், என்ன செய்வாய் என்று தொடங்குவோம். முதலில் மருந்து ஏறுவதை நிறுத்து என்ற வரியைக் கருவி சொல்லாது, நாங்கள்தான் சொல்லவேண்டும்.

அந்தப் பாடத்தில் நோயாளியின் மனைவி நான். கண்ணாடிக்கு வெளியே அறை தெரிவதால் என்னை அவர்கள் பார்க்கலாம், வீ.ஆரில் இந்தக் கூத்து நடக்காது. "ஐயோ, காலையில வயலுக்குப் போன என்ட மனிசன்! ஊசி போட்டாப் பொறகுதானே இப்பிடி ஆன!" என்று கட்டிலடியில் நின்று கத்துவேன். முதல் தடவை நான் கத்தியபோது குருநாகல் பிள்ளை மருந்தின் அளவையே மறந்துபோனாள். இப்போது என் தோளில் கை வைத்து, "அம்மா, பயப்படாதீங்க, நாங்க பார்க்கிறம்" என்கிறாள். 'பார்க்கிறம்' இன்னும் கொஞ்சம் வழுக்குகிறது. போன கிழமை அதைச் சொல்லிவிட்டு அவளுடைய கண் நேரே கட்டிலில் கிடந்தவரின் உதட்டுக்குப் போனது, புள்ளியில் பார்த்தேன்.

வாங்க யோசிக்கிறவர்களுக்கு: ஒன்று போதும், நாலு வேண்டாம். ஒருவர் மாட்டட்டும், மற்றவர்கள் திரையில் பார்க்கட்டும், பார்க்கிறவர்கள்தான் கூடப் படிக்கிறார்கள். பார்வையைப் பதிகிற வசதி இல்லாத மலிவான கருவியென்றால் எடுக்கவே வேண்டாம். பழுதானால் யார் திருத்துவார்கள் என்பதையும் கேளுங்கள். 2019இல் 3,500 டொலர் விலை சொல்லி அறிமுகமான, இதே வகைக் கண்ணாடியான ஹோலோலென்ஸ் 2ஐயே மைக்ரோசொப்ட் 2024இல் செய்வதை நிறுத்திவிட்டது. மிச்சக் காசுக்குப் பொம்மைகள் வாங்கலாம். எங்கள் பொம்மையின் ஸ்பிரிங் போன மாதம் உடைந்துவிட்டது. 'டிக்' வரவேண்டிய நேரத்தில் இப்போது நான் வாயால் 'டிக்' சொல்லிக்கொண்டிருக்கிறேன்.