சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக் கையேடு: வாங்க முதல் பார்க்க வேண்டியவை

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்துப் புத்தகக் கடைகளில் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கென்று சுருள்கம்பி போட்ட போட்டோக் கொப்பிக் கையேடு ஒன்று விற்கிறார்கள். பொது அறிவு, நுண்ணறிவு, மொழி என்று மூன்று பகுதி.

நுண்ணறிவுக்காகவே இதை வாங்கலாம். எண்தொடர், உறவுமுறை, திசை, கடிகாரம் எல்லாம் இலேசில் தொடங்கிப் படிப்படியாக இறுகுகின்றன. ஆனால் விடை மட்டும்தான் இருக்கிறது, செய்த வழி இல்லை. 3.20க்கு இரண்டு முள்ளுக்கும் இடைப்பட்ட கோணம் 20 பாகை என்று போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. 30 என்று எழுதிய பிள்ளைக்கு எங்கே பிழைத்தது என்று எப்படித் தெரியும்? நிமிட முள் 4இல் நிற்பது சரி. மணி முள் 3இலேயே நிற்பதில்லை. நிமிடத்துக்கு அரைப் பாகையாக 10 பாகை நகர்ந்துவிட்டது. கொழும்பு வகுப்புக்குப் போக வழியில்லாத மல்லாவிப் பிள்ளைக்கு இந்தக் கையேடுதான் ஆசிரியர். இந்த இரண்டு வரியை அவர்கள் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

பொது அறிவை அப்படியே பாடமாக்காதீர்கள். கையேட்டின் அரசியலமைப்புப் பகுதி 20ஆம் திருத்தத்தோடு நின்றுவிட்டது. உயர் பதவி நியமனங்களைப் பார்க்கும் பேரவையை 5 பேர் கொண்ட பாராளுமன்றப் பேரவை என்கிறது. 2022 ஒக்டோபரில் வந்த 21ஆம் திருத்தத்தோடு 10 பேர் கொண்ட அரசியலமைப்புப் பேரவை திரும்பிவிட்டது: 7 பாராளுமன்ற உறுப்பினர், 3 வெளியார். அதற்காக 20ஆம் திருத்தம் என்று கண்டதையெல்லாம் வெட்டவும் கூடாது. அது கூட்டிய உயர் நீதிமன்ற நீதியரசர் தொகை, பிரதம நீதியரசரோடு ஆகக்கூடியது 17, இன்னும் அப்படியே இருக்கிறது.

இதைவிடப் பெரிய கவலை, சில பக்கங்கள் தமிழ்நாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்திருப்பது. அங்கே உயர் நீதிமன்றத்துக்கு மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இங்கே உயர் நீதிமன்றம்தான் உச்சி. கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், பிறகு மேல் நீதிமன்றம். இந்தப் பெயர்கள் மாறினால் நீதிமன்ற அமைப்புக் கேள்விகள் மொத்தமாகப் போய்விடும். பாராளுமன்ற இணையத்தளத்தில் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி இலவசம். அதைப் பக்கத்தில் வைத்துத் திருத்திக்கொண்டு படியுங்கள்.

மொழிப் பகுதி பரவாயில்லை. சுருக்கம் எழுதும் மாதிரி விடைகள் மட்டும் நீளம்: 240 சொல் பந்தியை மூன்றிலொன்றாக்கச் சொல்லி 110 சொல்லில் எழுதியிருக்கிறார்கள். 80 அளவில் நிற்க வேண்டும்.

கடையில் நின்றே பேரவைப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். 5 பேர் என்று இருந்தால் புதிய பதிப்பைக் கேளுங்கள்.